நிலக்காட்சியில் நிற்கும் சிறு மனிதர்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏறத்தாழ 1800 முதல் 1870 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீட்டப்பட்ட கற்பனாவாத நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மலை, கடல், மேகம், அருவி, புயல், பாழடைந்த மடாலயம் என்று இந்த ஓவியங்களில் உள்ளவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றின் அழகைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். என் கண் முதலில் தேடுவது, எங்கோ ஒரு மூலையில் விரல் உயரத்துக்கு, சில படங்களில் நெல்மணி அளவுக்கு நிற்கும் மனித உருவத்தை. அவர் யார்? அவரை அங்கே நிறுத்தியது ஏன்? சில படங்களில் அவர் இல்லாமலே போனது ஏன்? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால், இயற்கை என்று அந்தக் காலம் எதைச் சொன்னது, யாரை அதற்குள் சேர்த்துக்கொண்டது, யாரை வெளியே தள்ளியது என்பதெல்லாம் தெரியவரும்.

அதற்கு முந்தைய ஐரோப்பியக் கலைக்கழகங்களில் ஓவிய வகைகளுக்குள் மேல்கீழ் இருந்தது. விவிலியக் கதை, புராணம், வரலாறு ஆகியவை மேல்படியில். மரமும் மலையும் கீழ்ப்படியில். நிலக்காட்சிக்குள் ஆட்களை வைத்தது பெரும்பாலும் அளவு காட்டத்தான். மலை எவ்வளவு உயரம் என்று தெரிய அடியில் ஓர் இடையன் வேண்டும். இந்த வழக்கத்தை நம் ஊர்க் காட்சிகளிலேயே பார்க்கலாம். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் 1792-93இல் தென்னிந்தியாவைச் சுற்றி வந்து மதுரையையும் தஞ்சையையும் பாபநாசம் அருவியையும் வரைந்துகொண்டு போனார்கள். லண்டனில் 1795 தொடங்கி 1808 வரை அச்சாகி வந்த அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் நம் முன்னோர் அடிக்கடி வருகிறார்கள். கோபுரத்துக்கும் அருவிக்கும் அளவுகோலாக வருகிறார்கள்.

இந்த அளவுகோல் மனிதரைப் படத்தின் உயிராக மாற்றியவர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிஷ் என்ற ஜெர்மானியர்.

பால்டிக் கடலோரத்துக் கிரைஃப்ஸ்வால்டில் 1774இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில், பனித்தட்டு உடைந்து தம்பி நீரில் மூழ்கி இறந்ததைக் கண்டார். அவருடைய படங்களின் துயரத்துக்கெல்லாம் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துயரம் யாரையும் ஓவியராக்கிவிடுவதில்லை. அவர் கோபன்ஹேகனில் முறையாகப் பயின்றார். 1798இல் டிரெஸ்டனில் குடியேறினார். மலைகளிலும் ரூகன் தீவிலும் நடந்து நடந்து, மரம் மரமாக, பாறை பாறையாகப் பென்சிலில் வரைந்து சேர்த்தார். தைல வண்ணத்தை மட்டும் வீட்டுக்குள்தான் தொட்டார். அவருடைய நண்பர் கெர்ஸ்டிங் 1811இல் அந்த அறையை வரைந்திருக்கிறார். சுவரில் இரண்டொரு வண்ணத்தட்டுகளும் அளவுகோலும் தவிர வேறொன்றும் கிடையாது. சன்னலின் கீழ்ப்பாதி அடைத்துக் கிடக்கிறது. வெளிச்சம் வருகிறது, வெளியே இருக்கும் காட்சி வருவதில்லை. இயற்கையைத் தன் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் வேலை செய்யும் நேரத்தில் அதை மறைத்துவைத்தார்.

அந்த அறையில் பிறந்ததுதான் ‘கடலோரத் துறவி’. 1808இல் தொடங்கி 1810இல் முடித்தார். ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலம். கீழே வெளிறிய மணல்மேடு, அதன் மேல் ஒரு பட்டையாகக் கறுத்த கடல், மிச்சமெல்லாம் வானம். மணலில் கறுத்த அங்கியோடு ஒருவர், நமக்கு முதுகு காட்டிக்கொண்டு. அவரை விட்டால் சில கடற்பறவைகள். அந்தக் காலத்து நிலக்காட்சியில் இரு ஓரத்திலும் மரமோ பாறையோ நின்று, கண்ணைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும். இங்கே ஓரத்தில் ஒன்றுமில்லை. வானம் சட்டகத்தைத் தாண்டி எங்கே முடிகிறது என்றே தெரியாது.

அகச்சிவப்புக் கதிரால் இந்தப் படத்தை ஆராய்ந்தபோது, துறவியின் இரு பக்கமும் கடலில் கப்பல்களை வரைய ஓவியர் கோடு போட்டிருந்தது தெரிந்தது. பிறகு அவரே அவற்றைக் கைவிட்டிருக்கிறார். மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கப்பல் இருந்தால் படத்தில் ஒரு கதை வந்துவிடும். துறவி யாருக்கோ காத்திருக்கிறார், யாரையோ வழியனுப்புகிறார் என்று நாமே முடித்துக்கொள்வோம். கப்பல்கள் போனதும் அவர் எதற்காக நிற்கிறார் என்பதற்குப் பதில் இல்லாமல் போகிறது. அவரும் வானமும் மட்டும். 1810இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். பிரஷ்ய அரசர் விலைக்கு வாங்கினார். எழுத்தாளர் க்ளைஸ்ட் தன் செய்தித்தாளில், பார்ப்பவரின் கண்ணுக்கு ஒதுங்க இடமே தராத படம் என்ற பொருளில் எழுதினார்.

மூடுபனிக்கு மேல் பாறையில் நிற்கும் ஃப்ரீட்ரிஷின் நடைப்பயணியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ புத்தக அட்டைகளில் வந்துவிட்டார். 1818 வாக்கில் தீட்டியது. அதைவிட எனக்குப் பெரியதாகப் படுவது 1823-24இல் முடிந்த ‘பனிக்கடல்’. எல்ப ஆற்றில் மிதந்து வந்த பனிக்கட்டிகளைப் பார்த்து வரைந்து வைத்திருந்தவற்றைக் கொண்டு, துருவக் கடலின் பனிப்பாளங்கள் கோபுரம்போல் ஏறிக் கிடப்பதை ஆக்கினார். வலப்பக்கம் நொறுங்கிய கப்பலின் பின்பகுதி கொஞ்சம் தெரிகிறது. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மனிதர்கள் அங்கே இருந்தார்கள் என்பதைக் கப்பல் சொல்லிவிடுகிறது. இந்தப் படத்தை அவர் 1840இல் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை. அவரையே ஊர் ஏறத்தாழ மறந்து, 1906இல் பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சியில்தான் மீண்டும் கண்டெடுத்தது.

இங்கிலாந்துக்கு வருவோம். ஜான் கான்ஸ்டபிள், 1776இல் சஃபோக் மாவட்டத்தில் ஒரு மாவு மில் முதலாளிக்கு மகனாகப் பிறந்தவர். ஃப்ரீட்ரிஷைப் போல் விளிம்புக்குப் போக விரும்பாதவர். தன் தந்தையின் மில்லைச் சுற்றி நடந்து போகிற தூரத்துக்குள்ளேயே அவருக்கு எல்லாம் கிடைத்தன. 1821இல் ராயல் அகாதெமியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற பெயரில் அவர் வைத்த படத்தை இன்று ‘வைக்கோல் வண்டி’ என்று உலகம் அறியும்.

ஸ்டவர் ஆற்றில் தண்ணீர் முட்டளவுதான். அதில் வெறும் வண்டி ஒன்று இறங்கி நிற்கிறது. குதிரைகளின் கழுத்துப் பட்டையில் சிவப்பு. வண்டியில் இரண்டு பேர். கரையில் ஒரு நாய் அவர்களைப் பார்க்கிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு, அதன் பின்புறம் தண்ணீருக்குக் குனிந்திருக்கும் ஒரு பெண். வலப்பக்க நாணலுக்குள் படகருகே மீன் பிடிப்பவர் ஒருவர். இவ்வளவும் பார்த்த பிறகு தூரத்துப் புல்வெளிக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். வெள்ளைச் சட்டைகளாகச் சில புள்ளிகள் தெரியும். அவர்கள்தான் புல் அறுப்பவர்கள். வெறும் வண்டி போவது அவர்களிடம். படத்தின் வேலை முழுவதையும் செய்பவர்கள் அவர்கள், தூரிகையின் ஒரு தொடுகைக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இந்தப் படத்தை அவர் தீட்டியது ஆற்றங்கரையில் இல்லை, லண்டனில். வண்டியின் அமைப்பு சரியாக இருக்க வேண்டும் என்று ஊரிலிருந்து ஒருவரை வரைந்து அனுப்பச் சொல்லி வாங்கினார். இதே அளவில் ஒரு முழு முன்வரைவும் செய்தார். அதில் கரையில் குதிரைமேல் ஒரு சிறுவன் இருக்கிறான். முடிந்த படத்தில் அவன் இல்லை. மேகத்தை வானிலை அறிஞரின் ஒழுங்கோடு படித்தவர் அவர். 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் குன்றில் நின்று வானத்தை மட்டும் காகிதத்தில் தைல வண்ணத்தில் தீட்டி, பின்புறத்தில் தேதி, மணி, காற்றடித்த திசை எல்லாம் குறித்துவைத்தார். லூக் ஹோவர்ட் மேகங்களுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்தி இருபது ஆண்டுகூட ஆகாத காலம் அது.

புல் அறுப்பவர்களை அவ்வளவு தூரத்தில் வைத்ததை நான் கடந்து போக மாட்டேன். நெப்போலியன் போர் 1815இல் முடிந்ததும் தானிய விலை விழுந்தது. திரும்பி வந்த சிப்பாய்களுக்கு வேலை இல்லை. கூலி சரிந்தது. 1816இலும் மீண்டும் 1822இலும் கிழக்கு இங்கிலாந்தில் பண்ணைக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். வண்டி தீட்டப்பட்டது இந்த இரண்டு கலகங்களுக்கும் நடுவில். கான்ஸ்டபிள் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தன் சிறுவயது ஊரை அவர் உண்மையான அன்போடு தீட்டினார். அந்த அன்பு நிற்கும் இடம் மில் முதலாளி வீட்டு வாசல். அங்கிருந்து பார்த்தால் கூலியாள் அந்த அளவில்தான் தெரிவார்.

லண்டனில் அந்தப் படம் விற்கவில்லை. 1824இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா அதைப் பார்த்துவிட்டு, கண்காட்சிக்குத் தயாராக இருந்த தன் ‘கியோஸ் படுகொலை’யில் மறுபடியும் கை வைத்தார். பிரெஞ்சு ஓவியத்தில் பச்சை நிறத்துக்கு ஈரம் வந்தது இதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம்.

டர்னரைப் பற்றிப் பேச ஒரு தனிச் சொற்பொழிவே வேண்டும். லண்டன் முடிதிருத்துபவர் ஒருவரின் மகன். 1775இல் பிறந்து 1851இல் இறந்தவர். நாட்டுக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்த வரைவுகளும் நீர்வண்ணங்களும் மட்டும் முப்பதாயிரத்தை நெருங்கும். 1812இல் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் கார்த்தேஜ் தளபதி ஹானிபாலைத் தீட்டினார். அத்தனை பெரிய சூறாவளிக்குள் ஹானிபாலின் யானை அடிவானத்தில் ஒரு பொட்டு. வரலாற்று ஓவியத்தின் நாயகரை வானிலை விழுங்கிவிட்டது. கலைக்கழகத்தின் மேல்படியைக் கீழ்ப்படி கவிழ்த்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது.

நான் நிற்க விரும்புவது 1840இல் அவர் கண்காட்சிக்கு வைத்த அடிமைக் கப்பல் படத்தின் முன்னால். செத்தவர்களையும் சாகக் கிடப்பவர்களையும் கடலில் எறியும் அடிமை வணிகர்கள், புயல் வருகிறது என்பது அதன் தலைப்பின் பொருள். இதைச் சொல்லும்போது 1781இல் சோங் என்ற கப்பலில் நடந்ததை நினைவுகூர்வது வழக்கம். அந்தக் கப்பலில் இருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசினார்கள். பிறகு கப்பல் உரிமையாளர்கள், சரக்கு நட்டமானதாகச் சொல்லிக் காப்பீட்டுப் பணம் கேட்டு வழக்காடினார்கள். டர்னரின் படத்தில் கடல் ரத்தமும் பொன்னுமாகக் கொதிக்கிறது. முன்னால் வலது மூலையில், தண்ணீருக்கு மேல் ஒரு கால். கணுக்காலில் விலங்கு. சுற்றி மீன்கள் மொய்க்கின்றன. அலைகளுக்கு நடுவே விரிந்த கைகள்.

ஜான் ரஸ்கின் அந்தக் காலத்தின் தலைசிறந்த கலை விமர்சகர். டர்னரின் மிகப் பெரிய ஆதரவாளர். 1843இல் வந்த தன் நூலில் இந்தப் படத்தின் கடலைப் பற்றி, அலையின் வளைவும் ஒளியின் ஓட்டமும் கண்முன் நிற்கும்படி எழுதினார். அது அடிமைக் கப்பல் என்பதையும், நீரில் கிடப்பவை உடல்கள் என்பதையும் அடிக்குறிப்பில் சொன்னார். அடுத்த ஆண்டு அவருடைய தந்தை அந்தப் படத்தை வாங்கி மகனுக்குப் பரிசளித்தார். காலம் போகப் போக, வீட்டுச் சுவரில் அதைப் பார்த்துக்கொண்டு வாழ முடியவில்லை என்று ரஸ்கின் விற்றுவிட்டார். இப்போது அது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடிக்குறிப்புக்குள் தள்ளப்பட்டவர்கள் கடைசியில் அவரைச் சும்மா விடவில்லை என்றே நான் படிக்கிறேன்.

நார்வேயின் டால், ரஷ்யாவின் ஐவசோவ்ஸ்கி என்று ஐரோப்பாவில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் பலர். நேரம் கருதி அவர்களைத் தாண்டி அட்லாண்டிக்கைக் கடக்கிறேன்.

அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தின் முதல் ஆளுமை தாமஸ் கோல், பிறந்தது இங்கிலாந்தின் லங்காஷயரில், 1801இல். துணியில் அச்சடிக்கும் சித்திரங்களுக்கு அச்சு வெட்டப் பழகிய பையன், 1818இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நூற்பாலைப் புகையில் வளர்ந்தவருக்கு 1825இல் ஹட்சன் ஆற்றின் வழியே கேட்ஸ்கில் மலைகளுக்குப் போனபோது என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அடுத்த ஆண்டே காட்டர்ஸ்கில் அருவியைத் தீட்டினார். அருவிக்கு நடுவே ஒரு பாறை விளிம்பில், எறும்பளவில், தனியாக ஒரு செவ்விந்தியர் நிற்கிறார்.

அந்த நேரத்தில் அங்கே நின்றவர்கள் சுற்றுலாப் பயணிகள். பக்கத்து மலையில் 1824இலேயே விடுதி திறந்தாகிவிட்டது. அருவியைப் பார்க்க மேடையும் கைப்பிடியும் கட்டியிருந்தார்கள். கோல் மேடையை எடுத்துவிட்டார், பயணிகளை எடுத்துவிட்டார், அவர்களுடைய இடத்தில் அந்த ஒருவரை வைத்தார். நாலே ஆண்டுகளில், 1830இல், தென்கிழக்குப் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது. அந்த வெளியேற்றத்தில் செரோக்கி மக்களில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். மண்ணிலிருந்து அவர்களைத் துரத்திய அதே ஆண்டுகளில், படத்தில் அவர்களுக்கு அழகான ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

இதைச் சொல்லிவிட்டு கோலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட முடியாது. காட்டை வெட்டுவதைக் கண்டு நெஞ்சு பதைத்து எழுதியவர் அவர். கேட்ஸ்கில் மலையின் ஹெம்லாக் மரங்களின் பட்டையைத் தோல் பதனிட உரித்துக்கொண்டு மரத்தைக் கிடந்து அழுகவிட்ட காலம் அது. 1836இல் அவர் தீட்டிய ‘ஆற்றின் வளைவு’ நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பாதியில் முறிந்த மரமும் நகர்ந்து போகும் புயலும். வலப்பாதியில் வெயில் விழுந்த வயல்கள், வீட்டுப் புகை, கனெக்டிகட் ஆறு ஒரு பெரிய வளையமாக. இரண்டுக்கும் நடுவில், பாறைகளுக்கிடையே, குடையும் மடக்கு நாற்காலியும் வைத்துக்கொண்டு ஓவியரே உட்கார்ந்திருக்கிறார். தூரிகையை நிறுத்திவிட்டுத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். ஃப்ரீட்ரிஷின் மனிதர்கள் முதுகைத்தான் காட்டுவார்கள். கோல் முகம் காட்டுகிறார். எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று கேட்பதாகவே எனக்குப் படுகிறது. எதிர்க் குன்றில் மரம் வெட்டிய வழுக்கைத் திட்டுகளையும் அவர் மறைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களின் கையில் படம் பெரிதாகி, கூடவே வியாபாரமும் பெரிதானது. அவருடைய மாணவர் ஃபிரடெரிக் சர்ச், ஜெர்மானிய இயற்கை அறிஞர் ஹும்போல்ட்டின் எழுத்தைப் படித்துத் தென் அமெரிக்காவுக்கு இருமுறை போய் வந்து, பத்தடி அகலத்தில் ‘ஆண்டிஸின் இதயம்’ தீட்டினார். 1859இல் நியூயார்க்கில் ஆளுக்கு 25 சென்ட் கட்டணம். திரைச்சீலை கட்டி, அறையை இருட்டாக்கி, படத்துக்கு மட்டும் ஒளி. மூன்று வாரத்தில் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். இலை இலையாகப் பார்க்க நாடகக் கண்ணாடி கொண்டுவந்தவர்களும் இருந்தார்கள். பெர்லினுக்கு அனுப்பி ஹும்போல்ட்டிடம் காட்ட சர்ச் ஆசைப்பட்டார். அதற்குள், அந்த ஆண்டு மே மாதத்திலேயே ஹும்போல்ட் காலமாகிவிட்டார்.

ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1859இல் ஓர் அளவைக் குழுவோடு ராக்கி மலைகளுக்குப் போனவர். 1863இல் ‘ராக்கி மலைகள், லாண்டர் சிகரம்’ என்ற படத்தை முடித்தார். இதுவும் பத்தடி. மேலே பனிச்சிகரம், நடுவில் அருவி விழும் ஏரி, முன்னால் ஷோஷோனி மக்களின் கூடாரங்கள். குதிரைகள், வேட்டையாடிய விலங்குகள், நெருப்பைச் சுற்றிக் குடும்பங்கள். ஓர் இனத்தின் அன்றாட வாழ்வை இவ்வளவு பரிவோடு பார்த்த கண்ணை நான் மதிக்கிறேன். ஆனால் படத்தோடு வெளியிட்ட சிறு வெளியீட்டில், இந்தக் கூடாரங்கள் நிற்கும் வெளியில் ஒருநாள் நம் சந்ததியாரின் நகரம் எழும், அதன் கலைக்கூடத்தில் இந்தப் படம் வந்து சேரலாம் என்ற நம்பிக்கை சொல்லப்பட்டிருந்தது. அதே 1863இன் சனவரி 29 அன்று, இன்றைய ஐடஹோ மாநிலத்தின் பேர் ஆற்றங்கரையில், ஷோஷோனிகளின் இன்னொரு பிரிவினர் தங்கியிருந்த குளிர்காலக் குடியிருப்பை அமெரிக்கப் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 250 பேர் கொல்லப்பட்டார்கள். படம் 1865இல் 25,000 டாலருக்கு விலைபோனது.

அந்த ஆண்டில் பியர்ஸ்டாட் யோசமிட்டிப் பள்ளத்தாக்கையும் தீட்டி முடித்தார். பொன்னொளியில் இரு பக்கமும் பாறைச் சுவர்கள், நடுவே புல்வெளி, ஓடை, பரந்து வளர்ந்த ஓக் மரங்கள். மனிதர் ஒருவர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பாதுகாக்கப்பட்டது. 1871இல் யெல்லோஸ்டோனுக்குப் போன தாமஸ் மோரனின் நீர்வண்ணங்கள், அடுத்த ஆண்டு அங்கே முதல் தேசியப் பூங்கா அமையத் துணை நின்றன. பன்னிரண்டடி அகலமான அவருடைய படத்தை நாடாளுமன்றமே 10,000 டாலருக்கு வாங்கியது. ஓவியத்தால் காடு காப்பாற்றப்பட்ட வரலாறு இது. இதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு. உலகெங்கும் வந்த பூங்காக்களுக்கு வழிகாட்டியது இது.

பியர்ஸ்டாட் தீட்டிய யோசமிட்டியின் அந்த ஆளில்லாத புல்வெளிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது அவானிச்சி மக்களின் ஊர். 1851இல் ஓர் ஆயுதப்படை உள்ளே நுழைந்து, குடிசைகளையும் அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஓக் விதைகளையும் எரித்து அவர்களைத் துரத்தியது. ஓக் விதைதான் அவர்களுடைய சோறு. அந்த மரங்களுக்கு வெயில் வேண்டும். அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பருவம் பார்த்துப் புல்லுக்கும் புதருக்கும் தீ வைத்து வந்தார்கள். பள்ளத்தாக்கு திறந்த வெளியாக, தோட்டம்போல இருந்ததற்குக் காரணம் அந்தக் கைகள். மனிதக் கைபடாத கடவுளின் படைப்பென்று பியர்ஸ்டாட் கண்டு தீட்டிய புல்வெளி, ஒரு சமூகம் வளர்த்து வைத்த புல்வெளி. தீ வைப்பது நின்றதும் ஊசியிலை மரங்கள் நெருங்கி முளைத்து, ஓக் மரங்களை நிழலில் அமுக்கின.

யோசமிட்டிக்குள் எஞ்சியிருந்த பழங்குடிக் குடியிருப்பின் வீடுகளைப் பூங்கா நிர்வாகம் 1969இல் அகற்றியது. மறு ஆண்டு, 1970இல், காட்டின் நலனுக்காகத் திட்டமிட்டுத் தீ வைக்கும் முறையை அதே நிர்வாகம் தொடங்கியது.

நுண்கலை மாணவர்கள் இந்தப் படங்களின் நல்ல அச்சுப் பிரதிகளை நூலகத்தில் தேடி எடுத்து, நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பியர்ஸ்டாட்டின் 1865ஆம் ஆண்டுப் படத்திலிருந்து தொடங்குங்கள். பாறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஓக் மரங்களைப் பாருங்கள்.